‘காரணம்’ என்ற கட்டம்

பொங்கலுக்கு வந்திருந்த பேரன் திண்ணையில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டே கேட்டான்: “தாத்தா, நீங்க காசியில பாங்கு குடிச்சீங்களாமே, நிஜமா? எப்படி இருந்துச்சு?”

சமையலறைக்குள் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. இந்தச் செய்தியை அவனிடம் யார் சொல்லியிருக்க முடியும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நாற்பத்தைந்து வருடம் காப்பாற்றிய ரகசியத்தை அம்மையார் ஒரே ஒரு கரும்புத் துண்டுக்கு விற்றுவிட்டார்.

அவன் சும்மா கேட்கவில்லை. கல்லூரி விடுதி நண்பர்கள் நாலைந்து பேர் கொடைக்கானல் போகிறார்களாம். ஏரியைப் பார்க்க இல்லை, காளானுக்காக. நான் முதலில் எல்லாத் தாத்தாக்களும் சொல்வதைத்தான் சொன்னேன். அந்தக் காளானில் இருக்கும் சைலோசைபின் 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, பிடிபட்டால் படிப்பு போகும், வேலை போகும். காட்டில் பறித்து விற்கிறவனுக்கு எது போதைக் காளான், எது ஈரலை அழிக்கிற விஷக் காளான் என்று தெரியும் என்பதற்கு யார் உத்தரவாதம்? அவன் வானொலியில் சந்தை நிலவரம் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, “அதெல்லாம் தெரியும் தாத்தா. அப்போ மனசுக்குள்ள என்ன ஆகும்னு கேக்கறேன்” என்றான்.

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் கொஞ்சம் படிப்பும் ஒரு மாலை நேரத்து அனுபவமும் உண்டு. அன்றைக்கு அவனிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோவையாக எழுதுகிறேன். நடுவே என் அலுவலகக் கதை ஒன்றும் வரும். அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி. அப்பாவுக்குப் புதுச்சேரிப் பஞ்சாலை ஒன்றில் கணக்குப்பிள்ளை வேலை. அதனால் நான் பிரெஞ்சு வழியில் படித்தேன். அப்பா போன பிறகு சொந்த ஊரான உத்திரமேரூருக்கு வந்து, தேர்வாணையத் தேர்வு எழுதி, தமிழ்நாடு அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து குமாஸ்தாவாகவே (கடைசியில் பெயரை ‘கண்காணிப்பாளர்’ என்று மாற்றினார்கள்) ஓய்வு பெற்றேன். பிரெஞ்சு அலுவலகத்தில் ஒரு நாளும் பயன்படவில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் பயன்படுகிறது.

பேரனுக்கு நான் முதலில் சொன்னது தாமஸ் பௌரி என்ற ஆங்கிலேய வியாபாரியின் கதை. 1669-ல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் வந்து இறங்கி, பல வருடம் சோழமண்டலக் கரையிலும் வங்கக் கரையிலும் கப்பலோட்டி வியாபாரம் செய்தவர். பிற்பாடு மலாய் மொழிக்கு அகராதி போட்டவரும் இவரே. இவர் எழுதி வைத்த கையெழுத்துப் பிரதியை 1905-ல் ஹக்லூயிட் சங்கம் அச்சிட்டது. கஞ்சா இலையை அரைத்துக் குடிக்கும் பாங்கு என்ற பானத்தை நம் ஊர்க்காரர்கள் குடிப்பதைப் பார்த்து, இவருக்கும் உடன் இருந்த எட்டுப் பத்து ஆங்கிலேயர்களுக்கும் ஆசை வந்திருக்கிறது. ஆளுக்கு ஆறு பென்னி கொடுத்துக் கடைத்தெருவில் வாங்கி வந்தார்கள். குடித்துவிட்டுத் தெருவில் ஓடி மானம் போகக்கூடாது, யாரும் உள்ளே வந்து பார்த்துவிடவும் கூடாது என்று கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு குடித்தார்கள். அந்த ஒரு எச்சரிக்கையிலேயே அவர்களுடைய பயமும் ஆசையும் தெரிகிறது.

பிறகு நடந்ததை பௌரி ஒரு கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு எழுதியிருக்கிறார். ஒருவர் தரையில் உட்கார்ந்து பிற்பகல் முழுக்கத் தேம்பித் தேம்பி அழுதார். இன்னொருவருக்கு ஏதோ பெரும் பயம் பிடித்துக்கொண்டது. அவர் ஒரு பெரிய ஜாடிக்குள் தலையை விட்டுக்கொண்டு நாலு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தார். நாலைந்து பேர் ஜமுக்காளத்தில் படுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் வானளாவப் புகழ்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தான் ஒரு சக்கரவர்த்தி என்று நினைப்பு. சண்டைக்காரர் ஒருவர் தாழ்வாரத்து மரத்தூணோடு குத்துச்சண்டை போட்டு விரல் முட்டிகளில் தோலே இல்லாமல் செய்துகொண்டார். பௌரியும் இன்னொருவரும் மூன்று மணி நேரம் வியர்த்துக் கொட்டியபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஒரு பக்கீர். அவரும் குடித்திருந்தார். ஆக்ரா அரண்மனை வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, உள்ளே இருந்தவர்களை அரசர்களே, வீரர்களே என்று அழைத்து இந்துஸ்தானியில் பாடிக்கொண்டிருந்தாராம்.

பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். “அந்த ஜாடி ஆளு!” என்றான். நானும் முதல் தடவை படித்தபோது சிரித்தேன். ஆனால் கவனியுங்கள். ஒரே கடை, ஒரே சரக்கு, ஒரே அளவு, ஒரே அறை. அழுகை ஒருவருக்கு, ராஜயோகம் ஒருவருக்கு, அடிதடி ஒருவருக்கு, வெறும் வியர்வை ஒருவருக்கு. நான்கு மணி நேரம் ஜாடிக்குள் தலையை வைத்திருந்தவருக்கு அந்த நான்கு மணி நேரம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று பௌரி எழுதவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை போலிருக்கிறது.

பௌரிக்கு நூறு வருடம் முன்பே, 1563-ல், கோவாவில் இருந்த போர்த்துகீசிய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா இந்தப் பாங்கைப் பற்றி எழுதிவிட்டார். குஜராத் சுல்தான் பகதூர், ராத்திரியில் போர்ச்சுகலுக்கோ பிரேசிலுக்கோ துருக்கிக்கோ போக நினைத்தால் கொஞ்சம் பாங்கு சாப்பிட்டால் போதும் என்று சொன்னாராம். நம் சித்த மருத்துவத்தில் இதே செடி சிவமூலி. லேகியங்களில் அளவோடு சேர்த்தார்கள். சோமபானம் எது என்ற விவகாரத்துக்குள் நான் போகப் போவதில்லை. 1968-ல் வாசன் என்ற அமெரிக்க வங்கி அதிகாரி (நம் ஜெமினி வாசன் இல்லை) அது ஒரு காளான்தான் என்று தடித்த புத்தகமே போட்டார். அதைப் பற்றி எழுதினால் பின்னூட்டத்தில் சண்டை வரும், போன முறை வந்தது.

இனி என் பிரெஞ்சுக்காரர்கள். கஞ்சாச் செடிக்கு ‘கன்னபிஸ் இந்திகா’ என்று 1785-ல் தனிப் பெயர் கொடுத்தவர் லமார்க். அவருக்கு இந்தியாவிலிருந்து செடியைக் கொண்டு போய்க் கொடுத்தவர் சொன்னேரா, பிற்பாடு புதுச்சேரியில் பல வருடம் உத்தியோகம் பார்த்த மனிதர். பெயர் வைத்த லமார்க்கே இது தலைக்கு ஏறும், கவலையை மறக்கடிக்கும், களிப்பைத் தரும் என்ற அளவில் ஒரு குறிப்பும் எழுதினார். செடி ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. அது மனத்தை என்ன செய்கிறது என்பதை ஒழுங்காகக் கேட்க இன்னும் அறுபது வருடம் ஆயிற்று.

கேட்டவர் ஜாக் ஜோசெஃப் மொரோ, மொரோ த தூர் என்பார்கள். பாரிஸில் மனநோய் மருத்துவர். கீழை நாடுகளில் சுற்றியபோது ஹஷீஷைப் பார்த்தவர். ஊருக்குத் திரும்பி அதைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். அவருடைய வாதம் எளிமையானது: பைத்தியம் பிடித்தவனுக்கு வைத்தியம் பார்க்கிறோம், அவன் உள்ளே என்ன படுகிறான் என்று நமக்குத் தெரியாது. சில மணி நேரம் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வர ஒரு வழி இருந்தால் வைத்தியன் போய்ப் பார்க்க வேண்டாமா? 1845-ல் அவர் போட்ட புத்தகம் ஹஷீஷையும் மனநோயையும் பற்றியது. கொடைக்கானல் போகிறவனுக்கு நான் கொடுக்க விரும்பிய பதில் பெரும்பாலும் அதில் இருக்கிறது. முதலில் காரணமே இல்லாத ஒரு சந்தோஷம். நல்ல செய்தி ஒன்று வரப் போகிறது என்பதுபோல. பிறகு எண்ணங்களின் கோவை கழன்றுவிடும். ஒன்றைச் சொல்லத் தொடங்கி, வாக்கியம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். காலமும் தூரமும் பொய் சொல்லும். நிமிஷம் மணியாகும், தெரு முனை தொலை தூரமாகும். காது கூர்மையாகும், சங்கீதம் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். ஏதாவது ஒரு நினைப்பு ஆணியடித்ததுபோல் நின்றுவிடும், எனக்கு விஷம் கொடுத்துவிட்டார்கள் என்பதுபோல. அன்போ கோபமோ பயமோ, எது வந்தாலும் முழு அளவில் வரும். அடக்க முடியாத உந்துதல்கள் வரும். கடைசியில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும். இத்தனையும் நடக்கும்போது ‘இது மருந்தின் வேலை’ என்று தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன் உள்ளே இருப்பான். மொரோ அவனைத்தான் மிகவும் மதித்தார். அளவு கூடினால் அவனும் போய்விடுவான்.

இந்த மொரோதான் பாரிஸ் எழுத்தாளர்களுக்கும் சுவை காட்டினார். சேன் நதித் தீவில் பிமோதான் மாளிகை என்று ஒரு பழைய வீடு. அங்கே கூடி, பச்சை நிற லேகியத்தைக் கரண்டியில் வாங்கிச் சாப்பிட்டார்கள். தெயோஃபில் கோத்தியே 1846-ல் அதை எழுதியபோது, மாடிப்படியில் இறங்க முடியாமல் தவித்ததைச் சொல்கிறார். இறங்க இறங்கப் படி முடியவில்லை, கால் கல்லாகிக்கொண்டே வருகிறது, கடிகாரம் நகரவே இல்லை. பள்ளியில் எங்கள் வாத்தியார் கோத்தியேவின் கவிதையைச் சொல்லிக் கொடுத்தார், லேகியத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதே மாளிகையில் சில காலம் குடியிருந்தவர் பொதலேர். அவரை 1841-ல் வீட்டார் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள், பையன் திருந்தட்டும் என்று. மொரீஷியஸ், ரியூனியன் வரை வந்தவர் அதற்கு மேல் மாட்டேன் என்று திரும்பிவிட்டார். ‘மலபார்’ பெண் ஒருத்தியைப் பற்றி அவர் எழுதிய கவிதை உண்டு. அந்தக் காலப் பிரெஞ்சுக்காரன் வாயில் மலபார் என்றால் பெரும்பாலும் தமிழர்தான். 1860-ல் வந்த ‘செயற்கைச் சொர்க்கங்கள்’ என்ற நூலில் அவர் ஹஷீஷை ஒரு பூதக்கண்ணாடி வகையில் வைக்கிறார். புதிதாக எதையும் அது கொண்டு வருவதில்லை, அந்த மனிதனிடம் ஏற்கெனவே உள்ளதையே பெரிதாக்கிக் காட்டும் என்பது அவர் கருத்து. துக்கம் இருக்கிற நாளில், முடிக்க வேண்டிய வேலை பாக்கி இருக்கிற நாளில் அதைத் தொடவே கூடாது என்றும் எச்சரிக்கிறார். நூறு வருடம் கழித்து அமெரிக்காவில் மனநிலையும் சூழலும்தான் முக்கியம் என்று பெரிய கண்டுபிடிப்பாகப் பேசினார்கள். ஜாடிக்குள் தலைவிட்ட கப்பல்காரருக்கு அது 1670-களிலேயே தெரிந்திருக்கும்.

காளானுக்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் உண்டு. மெக்சிகோவிலிருந்து வந்த காளான்களை இனம் பிரித்துப் பாரிஸில் வளர்த்துக் காட்டியவர் ரொஜே ஏம். அதிலிருந்து சைலோசைபினைத் தனியே பிரித்தவர் சுவிட்சர்லாந்து ரசாயனர் ஆல்பர்ட் ஹோஃப்மன், 1958-ல். இவரேதான் எல்.எஸ்.டி-யையும் கண்டவர். 1943 ஏப்ரல் 19-ந் தேதி, ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்குப் போனார். பால் கொண்டு வந்த பக்கத்து வீட்டு அம்மாள் சூனியக்காரியாகத் தெரிந்தாள். தன் உடம்புக்குள் பேய் புகுந்துவிட்டது, செத்துப் போகிறோம், மனைவி மக்கள் என்ன ஆவார்கள் என்று கிடந்தார். டாக்டர் வந்து பார்த்தால் கண்மணி விரிந்திருந்ததைத் தவிர ஒன்றும் இல்லை. பயம் தணிந்த பிறகு நிறங்கள் வந்தன. மறுநாள் காலை தோட்டம் புதிதாகப் படைத்ததுபோல் இருந்ததாம். பேரனுக்கு இந்தக் கதை பிடித்துவிடும் என்று பயந்தேன். பிடித்துவிட்டது.

ஆகவே உடனே கமிஷன் கதைக்குப் போனேன்.

1893-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் ஒருவர் எழுந்து, இந்தியாவில் கஞ்சாவால் ஜனங்கள் பைத்தியமாகிறார்களே, அரசு வரி வாங்கிக்கொண்டு சும்மா இருக்கலாமா என்று கேட்டார். உடனே ஒரு கமிஷன் போட்டார்கள். தலைவர் மாக்வொர்த் யங். உறுப்பினர்கள் ஏழு பேரில் மூன்று பேர் இந்தியர்கள். ஊர் ஊராகப் போய் 1,193 சாட்சிகளை விசாரித்து 1894-ல் ஏழு தொகுதி அறிக்கை கொடுத்தார்கள். மிதமாக உபயோகிப்பதால் மனத்துக்குக் கெடுதல் வருவதாகச் சொல்ல முடியாது, அளவு மீறினால் கெடுதல் என்பது முடிவு. இதைப் படித்துவிட்டு ஆகா என்று துள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு முக்கியம் அதுவல்ல. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் பதிவேட்டை அவர்கள் துருவிய விதம்தான்.

1892-ல் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்கள் 1,344. இதில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா, பாங்கு, சரஸ் என்று பதிவாகியிருந்தது. இந்தப் புள்ளிவிவரத்தை வைத்துத்தான் அத்தனை கூச்சலும். கமிஷன்காரர்கள் ஒவ்வொரு கேஸாக எடுத்து, சொந்த ஊரில் விசாரித்தார்கள். கடைசியில் கஞ்சாவுக்குக் கொஞ்சமாவது சம்பந்தம் உண்டு என்று ஏற்க முடிந்தது 98. மீதி? ஆளைப் பிடித்த போலீஸ்காரரோ மாஜிஸ்திரேட் அலுவலகமோ அனுப்பிய தாளில் ‘காரணம்’ என்ற இடத்தில் என்ன இருந்ததோ அதை ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள். தாளில் எழுதியவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. கட்டம் இருந்தது, நிரப்பினார்.

இந்த அறிக்கையை, மகள் வாங்கிக் கொடுத்த மடிக்கணினியில், கண்புரை அறுவைக்குப் பின் ஒரு மழைக்கால இரவில் படித்தேன். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பக்கம் பக்கமாக இணையத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பகுதி வந்ததும் மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை.

1976. நான் அப்போது இருந்த அலுவலகம் எது என்று சொல்ல மாட்டேன். 1912-ம் வருடத்து மனநோயாளர் சட்டம் அமலில் இருந்த காலம் (1987-ல் புதுச் சட்டம் வந்தும், அது நடைமுறைக்கு வர 1993 ஆயிற்று). தெருவில் திரிகிறவரைப் போலீசார் கொண்டு வந்தால், டாக்டர் சான்றிதழோடு மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். உடன் ஒரு விவரத்தாள் போகும். பெயர், வயது, எத்தனை நாளாக, வலிப்பு உண்டா, பிறரைத் தாக்குவாரா. இடையில் ஒரு வரி: காரணம் என்று கருதப்படுவது.

அன்றைக்கு வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். எங்கள் பக்கத்துக் கிராமம்தான், நெல் அறுப்புக்குக் கூட்டம் சேர்க்கிறவர். கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். யாரையும் பார்க்கவில்லை. கிணறு, கிணறு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தட்டச்சில் தாளைச் செருகி வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்தேன். அந்த வரி வந்ததும் கான்ஸ்டபிளை நிமிர்ந்து பார்த்தேன். “போடுங்க சார், கஞ்சான்னு. வேற என்ன?” என்றார். மணி ஐந்தாகப் போகிறது. எனக்கு ஐந்தே காலுக்கு பஸ். ‘தெரியவில்லை’ என்று போட்டால் தாள் திரும்பி வரும், மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார். போட்டேன். ஐந்து எழுத்து, ஆங்கிலத்தில்.

அவரைக் கீழ்ப்பாக்கம் கொண்டு போனார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் மனைவி ஏதோ ஒரு நகலுக்காக அலுவலகம் வந்தார். கட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், வாசித்தேன். அவர் கோபப்படவில்லை. “சாமி, அவரு பீடி கூடத் தொட்டதில்லீங்களே. எங்க சின்னவன் கிணத்துல உழுந்துட்டான். அன்னையிலேர்ந்துதான்” என்றார். பக்கத்து மேஜைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் நகல் கட்டணத்துக்கு ரசீது போட்டேன்.

அவர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார், ஓரளவு குணமாகி. ஆனால் தாளில் இருந்த சொல் எப்படியோ அவருக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. கஞ்சாக்காரர் என்றே ஆகிவிட்டது. கூலிக்குக் கூட்டம் சேர்க்க அவரிடம் யாரும் முன்பணம் தரவில்லை. மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அந்தப் பேச்சு வந்ததாகக் கேள்வி. எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பராந்தக சோழன் காலத்தில் சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று வெட்டியது ஆயிரத்து நூறு வருடமாக நிற்கிறது. 35 வயதுக்கு மேல், 70-க்குள். எனக்கு 75. அது போகட்டும். கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரனும் குடத்தில் ஓலை போட முடியாது என்று அதில் இருக்கிறது. எழுதினவன் பேர் யாருக்கும் நினைவில் இல்லை, எழுதினது இருக்கிறது.

காசிக்கு வருகிறேன். 1979, மாமனாரோடு போனேன், அவர் அப்பாவுக்குச் செய்ய வேண்டிய காரியம். அங்கே பாங்குக்கு அரசு அனுமதி பெற்ற கடைகளே உண்டு. எங்களைக் கூட்டிப் போன படகுக்காரர் மாலையில் ஒரு மண்குவளையில் தண்டாய் கொடுத்தார். பாதாம், மிளகு, பால். இன்னொன்று வாங்கிக் குடித்தேன். மாமனார் தொடவில்லை.

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சிரிப்பு. எதிரே போன மாட்டைப் பார்த்துச் சிரித்தேன். மொரோ சொன்னதெல்லாம் வரிசைப்படி வந்தது, ஆனால் மொரோவை நான் அப்போது படித்திருக்கவில்லை. படிக்கட்டில் எண்பது படி இருக்குமா, ஏறிக்கொண்டே இருந்தேன். நேற்று தொடங்கினேனா இன்று தொடங்கினேனா என்று தெரியவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது எங்கிருந்தோ தட்டச்சு மெஷின் சத்தம். ஐந்து தட்டு. நின்று, மறுபடி ஐந்து தட்டு. ‘கிணறு’ என்று யாரோ சொல்கிறார்கள். படிக்கட்டுக்குக் கீழே இருந்தது கங்கையாகத் தெரியவில்லை, ஒரு பெரிய கிணறாகத் தெரிந்தது. அதில் நான் எதையோ போட்டுவிட்டேன், எடுக்க வேண்டும், எடுக்க முடியாது. பௌரியின் கூட்டத்தில் நான் யார் என்று பேரன் கேட்டான். தரையில் உட்கார்ந்து அழுதவர்.

மாமனார் என்னைத் திட்டவில்லை. அதிகம் பேசாத மனிதர். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “மாப்ளே, ராத்திரிக்குள்ள எறங்கிடும். நான் இங்கதான் இருக்கேன்” என்றார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அதையே சொன்னார் என்று நினைக்கிறேன், அல்லது ஒரே ஒரு முறை சொன்னாரோ என்னவோ. விடிகாலை இறங்கியது. ஏன் அழுதேன் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஊருக்கு வந்து மனைவியிடம் பாங்கை மட்டும் சொன்னேன்.

2006-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 36 பேருக்குச் சைலோசைபின் கொடுத்துச் சோதித்தார்கள். குடும்பத்தில் கடும் மனநோய் இருந்தவர்களை முதலிலேயே விலக்கிவிட்டார்கள். மற்றவர்களோடு பல மணி நேரம் பேசிப் பழகி, மெத்தையில் படுக்க வைத்து, பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்துதான் கொடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்காரர்கள் வாழ்க்கையின் மிகப் பொருளுள்ள ஐந்து அனுபவங்களில் ஒன்று என்று சொன்னார்கள். அத்தனை பாதுகாப்பு இருந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நடுவே கடும் பயம் வந்தது. பேரனிடம் இதைச் சொல்லி, உன் கொடைக்கானல் கூடாரத்தில் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். அவனும் அதையே சாப்பிட்டிருப்பானே. என் பெரியம்மா வீட்டுப் பக்கம் இருவருக்கு மனநோய் இருந்ததையும் அன்றுதான் அவனிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் அதை யாரும் பேசியதில்லை.

அவன் கரும்புச் சக்கையைக் கூட்டி முறத்தில் அள்ளினான். கொடைக்கானலைப் பற்றி மேலே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “தாத்தா, அந்த ஆளு இன்னும் இருக்காரா?” என்றான்.

“போய்ச் சேந்துட்டார்டா. பதினோரு வருஷம் ஆச்சு.”

“நீங்கதான் எழுதினீங்கன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?”

ஒவ்வொரு வியாழக்கிழமையும் சந்தையில் அவரைப் பார்ப்பேன். கீரை விற்பார். வணக்கம் சொல்லுவார், ஒரு கட்டு வாங்குவேன், சில்லறை பாக்கியை வேண்டாம் என்பேன். வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சொல்லவில்லை என்றேன்.